பாத்திர சோப்பில் துவைத்த வெள்ளைச் சட்டை

டப்பாவின் அடியைத் தட்டினாலே அவளுக்குத் தெரிந்துவிடும். நிறைய இருந்தால் சத்தம் அமுங்கி வரும். பாதி இருந்தால் லேசாகச் சலசலக்கும். ஒன்றுமே இல்லையென்றால் வெறும் பிளாஸ்டிக் சத்தம்தான், கன்னத்தில் தட்டியது போல. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோப்புப் பவுடர் டப்பா அப்படித்தான் சத்தம் போட்டது. கவிழ்த்துத் தட்டினாள். மூலையில் ஈரம்பட்டு இறுகிப்போன ஒரு கட்டி விழுந்தது. மகளுடைய கைக்குட்டைக்குக்கூடக் காணாது.

அவளை எல்லோரும் சமாளி என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை தைக்கும் கம்பெனியில் அயர்ன் மேசையில் நிற்பவள். கிளம்ப வேண்டிய சட்டைக் கட்டின் மேல் ஒருநாள் மெஷின் எண்ணெய் கொட்டிவிட்டது. சூப்பர்வைசர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இவள் பேசாமல் கேன்டீனுக்குப் போய்ப் பாத்திரம் விளக்கும் லிக்விடை ஒரு மூடியில் வாங்கி வந்தாள். கறைக்கு ஒரு சொட்டு வைத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, தேய்த்து, மடித்து அடுக்கிவிட்டாள். "இவ எதையும் சமாளிச்சிடுவாய்யா" என்றார் சூப்பர்வைசர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான். பேரோடு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு கறைபட்ட துணியெல்லாம் நேராக அவள் மேசைக்கே வந்தது.

சோப்பு தீர்ந்துபோவது அவளுக்குப் புதிதில்லை. ஐந்து பெண்களில் மூத்தவள். அப்பா ஒரு நீளச் சோப்பு வாங்கி வந்தால் அம்மா அதை நூலால் அறுத்துத் துண்டு போட்டுக் கொடுப்பாள். இரண்டாவது தங்கை, இப்போது கப்பலில் வேலை பார்ப்பவனைக் கட்டிக்கொண்டு ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருப்பவள், தன் துண்டை இரண்டே குளியலில் கரைத்துவிடுவாள். மூன்றாமவள் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பாள். நான்காமவளுக்கும் கடைசிக்கும் ஒரே துண்டுக்குச் சண்டை. எல்லோரும் விட்டுப்போன சில்லுகளைப் பொறுக்கி, ஈரக் கையால் பிசைந்து உருட்டி, அதில்தான் மூத்தவள் குளிப்பாள், துவைப்பாள். அந்த உருண்டையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாம் இருக்கும். "அக்கா சோப்புதான் அழகு" என்பாள் கடைசித் தங்கை. ஆனால் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் சோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாமியார் இப்போது நாத்தனார் வீட்டோடு இருக்கிறார். அங்கேயும் சோப்பு அலமாரிக்குள்தான் என்று கேள்வி. அந்த நாத்தனார் புது வாஷிங் மெஷின் வாங்கியபோது பழையதை இவளிடம் தள்ளிவிட்டாள். "நல்லா ஓடும் அண்ணி, மூடி மட்டும்தான் நிக்காது" என்றாள். மூடிமேல் ஒரு செங்கல் வைத்தால் நின்றது. பால்கனி மூலையில் அதை நிறுத்தி, கழிவுக் குழாயை மழைத்தண்ணீர்க் குழாயில் சொருகினார்கள். அது நேராகக் கீழ்வீட்டு முற்றத்தில் போய் விழும்.

அந்த மெஷினுக்குள் அவள் போடாத பொருள் கிடையாது. பவுடர் இல்லாத அன்று குளிக்கிற சோப்பைக் கத்தியால் சீவிப் போட்டிருக்கிறாள். ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றியிருக்கிறாள். ஒருமுறை மகள் முகம் கழுவ வைத்திருந்ததைப் பிழிந்துவிட்டு, அதற்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினாள். எப்படியோ துணி வெளுத்துக் கொடியில் ஏறிவிடும். அதனால் அந்த ஒரு தடவையைத் தவிர, பவுடர் தீர்ந்த சங்கதி அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்ததே இல்லை. தெரியாமல் அவளே பார்த்துக்கொண்டாள். தெரியாத ஒன்றை யார் ஞாபகம் வைத்து வாங்கி வருவார்கள்?

அன்றைக்கு மட்டும் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. காரணம் ஒரு வெள்ளைச் சட்டை.

அது கொழுந்தனுடைய சட்டை. வீட்டுக்காரருக்கு நேர் இளையவன், வண்டி பழுது பார்க்கிற ஷெட்டில் மெக்கானிக். மாமனார் போன கையோடு, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன் அண்ணி" என்று ஒரு பையுடன் வந்தான். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. நல்ல பையன்தான். ஒரு சுடுசொல் கிடையாது. போட்டதைச் சாப்பிடுவான், சொன்ன கதைக்கெல்லாம் சிரிப்பான். ஆனால் அவன் துணி! ஒவ்வொரு சட்டையும் ஒரு லாரியைத் துடைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். அவன் துணியை வேறு துணியோடு போட முடியாது. தனியாக ஊறவைத்து, தனியாகக் கசக்கி, தனியாக அலச வேண்டும். அவன் கூடத்தில் பாயை விரித்துவிட்டால், பத்தாவது படிக்கிற மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போக வேண்டும். அங்கே தாளிக்கிற புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவள் கணக்குப் போடுவாள்.

இப்போது அவனுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரும் மோட்டாரும் பார்த்துக்கொள்கிற வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். தங்க அறையும் கொடுப்பார்களாம். திங்கட்கிழமை காலையில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வரவேண்டும் என்று வேறு சொல்லியிருந்தார்கள். அவனிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதையும் முந்தின நாள் போட்டுக்கொண்டு யாரையோ பார்க்கப் போனவன், வழியில் நின்றிருந்த ஒரு வண்டியைக் கண்டதும் சும்மா இருக்க முடியாமல் கையை விட்டிருக்கிறான். கழுத்துப்பட்டையிலும் கை மடிப்பிலும் கரேலென்று கிரீஸ்.

"பாவம் அண்ணி, அந்தாளு பிள்ளைகுட்டியோட நடு ரோட்டுல நின்னுட்டு இருந்தாரு."

"உன் சட்டை பாவமில்லையா தம்பி?"

"அதான் நீங்க இருக்கீங்களே."

எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். அவளும் இத்தனை வருஷம் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த வேலை கிடைத்தால் அவன் போய்விடுவான், கூடம் மகளுக்கு வரும், ஒரு ஆள் துணி குறையும் என்று அவள் உள்ளுக்குள் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்ட மறுநிமிஷம், 'அப்பா இல்லாத பிள்ளை, அவனைத் துரத்தப் பார்க்கிறோமே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டாலும் ஆசை போகவில்லை.

வேன் ஓட்டுகிற வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, பவுடர் வாங்கச் சொன்னேனே?"

"எந்தப் பவுடர்?"

"மூஞ்சிக்குப் பூசிக்கத்தான். கேக்கறதைப் பாரு! துணி துவைக்கங்க."

"அடடா, சுத்தமா மறந்துட்டேன். இப்ப சரக்கோட வெளியூர் ரோட்டுல இருக்கேன். வர ராத்திரியாயிடும். எதையாவது வெச்சு சமாளியேன். உனக்கா தெரியாது?"

"எனக்குத் தெரிஞ்சதுதான் தப்பாப் போச்சு" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

தெருமுனைக் கடை ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் திறக்காது. அடுத்த கடைக்கு பஸ் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். வாரம் முழுக்க அயர்ன் மேசையில் நின்ற கால், முழங்காலுக்குக் கீழே தன்னுடையதே இல்லை போலக் கனத்தது. கொழுந்தன் கூடத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி அனுப்பலாம்தான். ஆனால் கடைக்குப் போகிற வழியில் அவன் இன்னொரு வண்டியைப் பார்த்துவிட்டால்? வெயிலும் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை காய வேண்டுமே.

சரி என்று குளிக்கிற சோப்பை எடுத்துக் கழுத்துப்பட்டையில் தேய்த்தாள். அந்த வீட்டுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். நுரைக்கிற மாதிரி காட்டிவிட்டு, திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக மிதந்தது. கிரீஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு வேறு படிந்துகொண்டது.

"அம்மா, முன்னாடி இருந்ததே தேவலை போலிருக்கே" என்றாள் மகள், கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தபடி.

"நீ ஒருத்திதான் பாக்கி. போய்ப் பாத்திர சோப்பு லிக்விடை எடுத்துட்டு வா."

கம்பெனியில் செய்கிற மாதிரியே செய்தாள். கிரீஸ் மேல் ஒரு சொட்டு. விரலால் மெல்ல வட்டமாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டு, ஒற்றி எடுத்தாள். கரேலென்று இருந்தது பழுப்பாகி, பழுப்பு வெளிறி, கடைசியில் எங்கே இருந்தது என்று தேட வேண்டியதாயிற்று. மகள் வாயைப் பிளந்தாள். "ஒரே ஒரு சொட்டுலயா!"

"மீதிப் பிசுக்கு போக ஒரு தடவை மெஷின்ல ஓட்டணும். உன் யூனிஃபார்ம், துண்டு எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுடு. அந்தப் பாத்திர சோப்பையே கொஞ்சம் விடு. நான் ஒரு நிமிஷம் காலை நீட்டிட்டு வரேன்."

சொல்லிவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்தாள். பகலில் படுத்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது.

கொஞ்சம் என்று அவள் சொன்னது இரண்டு சொட்டை நினைத்து. மகளுக்குத் தெரிந்த கொஞ்சம், மெஷின் மேல் எப்போதும் கிடக்கிற பவுடர் அளக்கும் கப். அதை நிறைய ஊற்றினாள். ஒரு சொட்டுக்கே அவ்வளவு வெளுத்ததே, சித்தப்பாவுக்கு முக்கியமான நாளாயிற்றே என்று இன்னொரு அரைக் கப்பும் ஊற்றினாள். மூடிமேல் செங்கல்லை வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

சமாளி விழித்தது கீழ்வீட்டு அத்தையின் குரல் கேட்டு.

"ஏம்மா சமாளி! மேல என்னம்மா நடக்குது? குழாய் வழியா மேகம் எறங்குது!"

ஓடி வந்து பார்த்தாள். மூடியைச் செங்கல்லோடு தூக்கிக்கொண்டு நுரை பொங்கிக்கொண்டிருந்தது. பால்கனி நிறைந்து, வாசற்படி தாண்டி, கூடத்துக்குள் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. கொழுந்தனின் பாய் பாதி காணாமல் போயிருந்தது. காலில் ஈரம் பட்டதும் அவன் பதறி எழுந்தான்.

"அண்ணி, ஆறு உடைஞ்சிடுச்சு!"

"உன் அண்ணன் மகதான் உடைச்சிருக்கா. பிளக்கைப் பிடுங்கு முதல்ல. ஈரக் கையோட தொடாதே!"

மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். "நீதானேம்மா கொஞ்சம் விடச் சொன்ன."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய நேரம் அது. வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. நுரைக்கு நடுவில் அப்படியே நின்றாள். அவளுக்கு அது இத்தனை வருஷமாக அந்த மெஷினுக்குள் போட்ட சோப்பு, ஷாம்பு, சில்லு அத்தனையும் ஒரே நாளில் திரும்பி வந்து நிற்பது போல இருந்தது. பிறகு உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். கைநிறைய அள்ளி நுரைமேல் வீசினாள். நுரை சுருங்கிச் சுருங்கி உட்கார்ந்தது.

"சித்தப்பா, பாருங்க! அம்மா உப்பு போட்டதும் அடங்குது" என்று மகள் அழுகைக்கு நடுவில் சொன்னாள்.

"உங்கம்மா கைல இருக்கற ஜாடியைப் பாத்தா நானே அடங்கிடுவேன்" என்றான் அவன்.

சிரிப்பு வந்துவிட்டது மூன்று பேருக்கும். ஆனால் சிரித்து என்ன பயன்? சட்டையை வெளியே எடுத்துப் பிழிந்தால் விலாங்கு மீன் மாதிரி கையில் வழுக்கியது. அலச அலச நுரை வந்துகொண்டே இருந்தது. வாளி வாளியாக ஊற்றியதில், குழாய் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நின்றுபோனது. மாடித் தொட்டி காலி. மோட்டார் போடுகிற வீட்டுச் சொந்தக்காரம்மா சாயங்காலம்தான் வருவார்.

சோப்போடு காய்ந்தால் சட்டை மொடமொடவென்று மஞ்சளடித்துப் போகும். அதைத் தேய்க்கவும் முடியாது, சூட்டில் கருகும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். சட்டையைக் கையில் பிடித்தபடி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். வேலை போச்சு, கூடம் போச்சு என்று மனசு சொன்னது.

கீழ்வீட்டு அத்தை படியேறி வந்து வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். கணவனை இழந்தவள், தனியாள். வாய் மட்டும் நாலு ஆளுக்கு உண்டு.

"என்னம்மா, வீட்டையே துவைச்சிட்டியா?"

"பவுடர் தீந்துடுச்சு அத்தை."

"தீந்தா? என் வீட்டுல ரெண்டு பாக்கெட் பிரிக்காம கெடக்கு. ஒரு குரல் குடுத்தா உன் வாய்ல இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

கேட்டுப் பழக்கமில்லை என்பதை எப்படிச் சொல்வது? ஐந்து பெண்களில் மூத்தவளுக்குக் கொடுத்துத்தான் பழக்கம்.

"சரி, சட்டையைக் கொண்டா. என் தொட்டி நிறையத் தண்ணி இருக்கு. முற்றத்தையும் உன் மகளே கழுவி விடணும், சொல்லிட்டேன். என் செடியெல்லாம் தலைக்குக் குளிச்சிருக்கு."

கீழே போனார்கள். அத்தை மொண்டு ஊற்ற ஊற்ற, கொழுந்தன் ஒரு முனையும் அவள் ஒரு முனையும் பிடித்து அலசினார்கள். தண்ணீர் தெளிவாக ஓடுகிறவரை விடவில்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சட்டையைத் தானே அலசினான். "இது இவ்ளோ நேரம் ஆகுமா அண்ணி?" என்று கேட்டான். அவளுக்கு அவன் கேட்டதே போதும் என்றிருந்தது.

மறுநாள் விடிந்ததும் சட்டையைத் தேய்த்தாள். ஆயிரம் பேர் சட்டையைத் தேய்த்த கைதான் என்றாலும் இதற்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கழுத்துப்பட்டை வெள்ளையாக மடங்கி நின்றது. பாத்திர சோப்பின் எலுமிச்சை வாசனை மட்டும் போகவில்லை.

"விளக்கின தட்டு மாதிரி மணக்குது" என்றார் ராத்திரி வந்து சேர்ந்திருந்த வீட்டுக்காரர்.

"நீங்க வாங்கிட்டு வந்த பவுடர்ல துவைச்சது. அதான்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் குடித்தார்.

வேலை கிடைத்தது. அடுத்த வாரமே கொழுந்தன் பையைக் கட்டினான். வாசலில் நின்று, "வரேன் அண்ணி" என்றான். அவள் வாசலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டே நின்றாள், அதுவும் நிஜம். அவன் தெருத் திரும்பியதும் கூடத்தைக் கூட்டி மகளின் மேசையைக் கொண்டுவந்து போட்டாள், அதுவும் நிஜம். ஆனால் ஒரு ஆள் துணி குறைந்த இடத்தைக் கம்பெனி ஓவர்டைம் பிடித்துக்கொண்டது. களைப்பு குறையவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கொழுந்தன்தான். தோளில் பெரிய பை, மூட்டையாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. பையைப் பார்த்ததுமே அவளுக்கு இரண்டு கால்களும் கனத்தன.

"அங்க துவைக்க இடமிருக்கு அண்ணி. ஆனா நம்ம வீட்டுல துவைச்ச மாதிரி வரலை." பையைத் திறந்தான். அழுக்குத் துணிக்கு மேலே, பெரிய பாக்கெட் சோப்புப் பவுடர் ஒன்று படுத்திருந்தது. "மறக்காம வாங்கிட்டு வந்தேன் பாத்தீங்களா?"

அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து, அவள் கேட்காமல் வேறொருவர் பவுடர் வாங்கி வந்தது அன்றைக்குத்தான். பாக்கெட்டைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். நல்ல கனம். டப்பாவில் கொட்டி, அடியைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் அமுங்கி வந்தது. பிறகு அளக்கும் கப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"வாங்கத் தெரிஞ்சவனுக்குத் துவைக்கவும் தெரியும். போ தம்பி. கிரீஸ் துணியைத் தனியா ஊற வை."

"நானா?"

"அலசத்தான் அன்னிக்கே கத்துக்கிட்டியே."

மகள் கூடத்தில் மேசையிலிருந்து தலை தூக்கிப் பார்த்து, "சித்தப்பா, கொஞ்சம்னா அரைக் கப்பு. நான் சொல்றேன், எனக்கு அனுபவம் இருக்கு" என்றாள்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே பால்கனிக்குப் போனான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தாள். பாதம் வீங்கியிருந்தது. பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்ணி, தண்ணி இன்னும் கறுப்பா வருதே. போதுமா?"

"போதாது. மறுபடி அலசு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குரல் வந்தது. "அண்ணி, இப்ப?"

பதில் வரவில்லை. அவன் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தான். மகள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவன் சத்தம் போடாமல் திரும்பிப் போய், இன்னொரு வாளி பிடித்து, தானே பார்த்து அலசினான்.